கொதிக்கும் குளிர்

நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த கோடை விடுமுறை. அப்பத்தா வீட்டுப் பசு லட்சுமிக்குச் சினை ஊசி போட மாட்டு டாக்டர் வந்திருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓர் அலுமினியக் கேன் கட்டியிருந்தது. பார்க்கப் பால் கேன் மாதிரிதான். கழுத்து மட்டும் மிகக் குறுகல்.

தொழுவத்து வாசலில் அதை இறக்கி வைத்து மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை பொங்கிக்கொண்டு வந்தது. அடுப்புப் புகை போல அது மேலே போகவில்லை. கேனின் வயிற்றோடு வழிந்து தரையில் இறங்கி, சாணித் தரையெல்லாம் பரவி மறைந்தது. நீளமான இடுக்கியை உள்ளே விட்டு, துடைப்பக்குச்சி அளவு மெல்லிய குழாய் ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார்.

"உள்ளே ஐஸா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஐஸ் இல்ல தம்பி. காத்து. நீயும் நானும் இப்ப இழுத்து விடுறோமே, இதே காத்துல முக்கால் பங்குக்கு மேல நைட்ரஜன்தான். அதைத்தான் தண்ணி மாதிரி ஆக்கி ஊத்தி வச்சிருக்கு. பாரு, உள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கு."

கொதிக்கிறதா? பக்கத்தில் கை கொண்டுபோனால் சில்லென்று அடிக்கிறதே!

வேலை முடிந்ததும் அவர் மூடியை எடுத்துச் செருகினார். திருகவில்லை, பூட்டவில்லை. மோட்டார் சைக்கிள் கிளம்பியபோது அந்த மூடி லொடலொடவென்று ஆடிக்கொண்டே போனது. அவ்வளவு பத்திரமாக இடுக்கி வைத்து எடுக்கிற பொருளுக்கு இப்படி ஓர் ஆடும் மூடியா? அன்று எனக்கு விடை தெரியவில்லை. அந்த மூடியின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். சைக்கிள் பம்பிலிருந்து தொடங்குவோம்.

சைக்கிளுக்கு வேகமாக நாற்பது ஐம்பது தடவை காற்று அடித்துவிட்டு, பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். உள்ளே தேய்கிற வாசரால் வந்த சூடு என்று பலர் நினைப்பார்கள். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் தேய்மானம் பம்பின் நீளம் முழுக்க நடக்கிறது. அதிகச் சூடு காற்று நெரிபடுகிற அடியில்தான் இருக்கிறது. காற்றை நெரித்ததால் வந்த சூடு அது.

காற்றை நெரித்தால் அது ஏன் சுட வேண்டும்? காற்று என்பது கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் கூட்டம். அவை சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. உங்கள் அறையில் இருக்கும் நைட்ரஜன் மூலக்கூறுகள் சராசரியாக வினாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. ஒலியைவிட வேகம்! கொஞ்ச தூரம் போவதற்குள் இன்னொன்றோடு மோதித் திரும்பிவிடுவதால்தான், சமையலறையில் தாளிக்கிற வாசம் நம் மூக்குக்கு வர நேரமாகிறது.

இப்போது கிரிக்கெட்டுக்கு வாருங்கள். வருகிற பந்தை நோக்கி மட்டையை வீசினால் பந்து வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போகும். பந்து படும் நேரத்தில் மட்டையைப் பின்னால் இழுத்தால்? பந்து சோர்ந்துபோய்க் காலடியில் விழும். கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதும் இதற்காகத்தான். பம்பின் தண்டு கீழே இறங்கும்போது அது முன்னால் வீசப்படுகிற மட்டை. அதில் மோதும் மூலக்கூறுகள் எல்லாம் கூடுதல் வேகத்தோடு திரும்புகின்றன. மூலக்கூறுகளின் வேகத்தைத்தான் நம் விரல் சூடு என்று உணர்கிறது. டீசல் லாரி எஞ்சினில் இதையே பலமாகச் செய்கிறார்கள். காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் சட்டென்று நெரிப்பார்கள். அது 500 டிகிரிக்கு மேல் சூடாகி, மேலே தெளிக்கப்பட்ட டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சின் போல அதற்குப் பொறி வைக்கும் பிளக் வேண்டாம்.

காற்று விரியும்போது மட்டை பின்னால் போகிறது. மூலக்கூறுகள் வேகம் இழக்கின்றன. காற்று குளிர்கிறது. டயரின் வால்வை அழுத்தி உஸ்ஸென்று காற்றை வெளியே விட்டால் விரல் நுனியில் சில்லென்று படுவது இதனால்தான். நெரித்தால் சூடு, விரிந்தால் குளிர். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பெரிய பூட்டைத் திறக்கப்போகிற சாவி இதுதான்.

நெரிபட்ட காற்று எவ்வளவு சுருங்கும் என்று முதலில் பொறுமையாக அளந்து எழுதியவர் ராபர்ட் பாயில். அயர்லாந்தில் பிறந்தவர். ஆங்கில எழுத்து 'ஜே' போல வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய் செய்தார். குட்டையான பக்கத்தின் முனையை மூடிவிட்டார். நீளமான பக்கம் வழியாகப் பாதரசத்தை ஊற்றினார். குட்டைப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட காற்று, ஊற்ற ஊற்றச் சுருங்கியது. பாதரசம் ஒரு பக்கத்தைவிட மறு பக்கத்தில் ஏறத்தாழ 74 செ.மீ. உயரமாக நின்றபோது காற்று சரியாகப் பாதியாகியிருந்தது. அந்த 74 செ.மீ. பாதரசத்தின் அழுத்தம், நம் தலைக்கு மேலுள்ள வளிமண்டலம் தரும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதாவது அழுத்தம் இரண்டு மடங்கானால் இடம் பாதி. வெப்பநிலை மாறாமல் இருக்கும்வரை இந்தக் கணக்கு தவறாது. 1662இல் இதை அச்சிட்டார்.

பாயில் விதியைப் பார்க்கப் பாதரசம் வேண்டாம். அது நச்சு, தொடவே கூடாது. மேட்டுப்பாளையத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு மலை ரயிலில் ஊட்டிக்குப் போனால் போதும். வழியில் தின்றுவிடாமல் இருப்பதுதான் இந்தச் சோதனையில் கடினமான பகுதி. பாக்கெட்டுக்குள் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும். நைட்ரஜன் எதனோடும் எளிதில் சேராது. குன்னூரைத் தாண்டும்போதே பாக்கெட் உப்ப ஆரம்பிக்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் மேட்டுப்பாளையத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெளியிலிருந்து நெரிக்கும் கை தளர்ந்ததால் உள்ளே இருக்கும் நைட்ரஜன் விரிகிறது. ஊட்டியில் கடைகளில் தொங்கும் பாக்கெட்டுகளைக் கவனித்துப் பாருங்கள், தலையணை போல உப்பியிருக்கும்.

அடுத்து சூடு.

பாரிஸ் நகரத்தில் 1783 ஆகஸ்ட் 27 அன்று ஜாக் சார்லஸ் என்ற அறிவியலாளர் ஹைட்ரஜன் நிரப்பிய ஒரு பலூனைப் பறக்கவிட்டார். ஆள் இல்லாத பலூன். அது போய் கோனெஸ் என்ற கிராமத்தில் இறங்கியது. வானத்திலிருந்து விழுந்து துள்ளுகிற அதைப் பேய் என்று பயந்த கிராமத்து மக்கள், வைக்கோல் கிளறும் கவைக்கம்புகளால் குத்திக் கிழித்துவிட்டார்கள். சார்லஸ் அதே ஆண்டு டிசம்பரில் தானே பலூனில் ஏறிப் பறந்தார். பலூன்காரருக்கு வாயு வெயிலில் எவ்வளவு விரியும், குளிரில் எவ்வளவு சுருங்கும் என்பது உயிர் போகிற விஷயம் அல்லவா? அதனால் அளந்தார். ஆனால் அச்சிடவில்லை. பிறகு 1802இல் கே-லுசாக் என்பவர் தாமே கவனமாக அளந்து வெளியிட்டபோது, சார்லஸ் முன்பே கண்டதையும் சேர்த்து எழுதினார். அதனால் விதிக்குச் சார்லஸின் பெயர் நிலைத்தது. கே-லுசாக்கின் அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவர்கள் கண்டதை நம் வீட்டு டம்ளரில் சொல்கிறேன். 0 டிகிரி செல்சியஸில் 273 டம்ளர் இடம் பிடிக்கிற காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அழுத்தம் மாறாமல் சூடாக்கினால் 1 டிகிரியில் 274 டம்ளர். 27 டிகிரியில் 300 டம்ளர். குளிர வைத்தால் மைனஸ் 73இல் 200 டம்ளர். டிகிரிக்கு ஒரு டம்ளர், ஏறினாலும் இறங்கினாலும். நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் எதை எடுத்தாலும் ஏறத்தாழ இதே கணக்கு. உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி கரைவதில்லை, இரும்பும் செம்பும் ஒரே அளவு விரிவதில்லை. வாயுக்கள் மட்டும் எல்லாமே இப்படி ஒரே பேச்சுப் பேசுகின்றன. அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் பறப்பதால், அது எந்த மூலக்கூறு என்பது பெரிதாகக் கணக்கில் வருவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பெட்ரோல் பங்கில் கார் டயருக்கு நைட்ரஜன் அடித்து, வால்வுக்குப் பச்சை மூடி போடுவார்கள். "நைட்ரஜன் போட்டா சூட்டுல விரியாது சார்" என்று சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். அது சரியல்ல. கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் 27 டிகிரியில் டயரில் 30 பவுண்டு காற்று. மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். வெளிக்காற்றின் அழுத்தமான 15 பவுண்டையும் சேர்த்தால் உண்மையில் 45. நெடுஞ்சாலையில் ஓடி டயருக்குள் 57 டிகிரி ஆகிறது. நம் டம்ளர் கணக்கில் 300 என்பது 330 ஆகிறது, அதாவது பத்தில் ஒரு பங்கு கூடுதல். டயர் பெரிதாக விரிய முடியாது. அதனால் அழுத்தம் ஏறும். 45, 49.5 ஆகும். வெளிக்காற்றின் 15ஐக் கழித்தால் மீட்டர் 34.5 காட்டும். உள்ளே இருப்பது சாதாரணக் காற்றானாலும் நைட்ரஜன் ஆனாலும் விடை இதுதான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே!

நைட்ரஜனால் பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. பங்கில் வரும் நைட்ரஜனில் ஈரம் இருக்காது. ஈரம் ஆவியானால் அழுத்தம் இன்னும் தாறுமாறாக ஏறும். ரப்பர் வழியாக ஆக்சிஜனைவிட நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும். விமானச் சக்கரங்களில் நைட்ரஜனே அடைக்கிறார்கள், காரணம் அது தீயை வளர்க்காது. ஆனால் சார்லஸ் விதியிலிருந்து நைட்ரஜனுக்கு விதிவிலக்கு கிடையாது.

மறுபடி டம்ளருக்கு வருவோம். குளிர வைத்துக்கொண்டே போனால், கணக்குப்படி மைனஸ் 100இல் 173 டம்ளர், மைனஸ் 200இல் 73 டம்ளர். மைனஸ் 273இல்? சுழி! காற்றே காணாமல் போய்விடுமா? அந்தப் புள்ளிக்குத் தனிச் சுழி வெப்பநிலை என்று பெயர். அதற்குக் கீழே வெப்பநிலை என்பதே கிடையாது. ஆனால் காற்று காணாமல் போகாது. அந்தப் புள்ளியை நெருங்குவதற்கு வெகு முன்பே அது வாயுவாக இருப்பதை நிறுத்திவிடும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரவமாகிவிடும்.

அப்படியானால் நைட்ரஜனைத் திரவமாக்குவது எளிதா? மாட்டு டாக்டரின் கேனுக்குள் அது வந்து சேர்வதற்கு மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

உங்கள் வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். டெலிவரி அண்ணன் அதைச் சாய்த்து உருட்டும்போது உள்ளே ஏதோ தளும்புவது தெரியும். 14.2 கிலோ எரிவாயு திரவமாக இருக்கிறது. புரொப்பேன், பியூட்டேன் என்ற வாயுக்கள் அவை. சாதாரண வெயிலிலேயே, வளிமண்டலத்தைப் போலச் சில மடங்கு அழுத்தினால் திரவமாகிவிடும். அதே ஆசையில் நைட்ரஜனை அழுத்திப் பாருங்கள். தொழிற்சாலைகளுக்குப் போகிற நைட்ரஜன் சிலிண்டரில் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 150 மடங்கு அழுத்தம் இருக்கும். ஒரு சொட்டுகூடத் திரவம் இருக்காது. சிஎன்ஜி ஆட்டோ சிலிண்டரில் இருக்கும் மீத்தேனும் அப்படித்தான், 200 மடங்கு அழுத்தத்திலும் வாயுவாகவே இருக்கும்.

மைக்கேல் ஃபாரடே 1823இல் குளோரினைத் திரவமாக்கினார். அதன்பின் வேறு பல வாயுக்களும் பணிந்தன. நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் போன்ற சில மட்டும் மசியவில்லை. வியன்னாவில் நாட்டெரர் என்பவர் 2000 மடங்குக்கும் மேலான அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். பலன் இல்லை. அவற்றுக்கு 'நிலையான வாயுக்கள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள், இவை என்றைக்கும் வாயுதான் என்ற முடிவோடு.

அந்தப் புதிரை அவிழ்த்தவர் பெல்ஃபாஸ்ட் நகரத்து தாமஸ் ஆண்ட்ரூஸ். கார்பன் டை ஆக்சைடை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்து, 1869இல் அவர் சொன்னது இது: ஒவ்வொரு வாயுவுக்கும் ஓர் எல்லை வெப்பநிலை உண்டு. அதைவிடச் சூடாக இருக்கும்போது என்ன அழுத்தம் கொடுத்தாலும் அது திரவமாகாது. இதை நம் பாடநூலில் நிலைமாறு வெப்பநிலை என்கிறோம்.

ஏன் அப்படி? பள்ளிக்கூட இடைவேளை மணி அடித்ததும் மைதானத்தில் எல்லாரும் தலைதெறிக்க ஓடுகிறீர்கள். அப்போது எல்லாரையும் கை கோத்து நிற்க வைக்க வேண்டும். மைதானத்தைச் சின்னதாக்கினால் போதுமா? இடித்துக்கொண்டு ஓடுவீர்களே தவிரக் கை கோக்க மாட்டீர்கள். முதலில் ஓட்டம் தணிய வேண்டும். ஓட்டம் தணிந்தபின் நெருக்கி நிறுத்தினால் கைகள் தாமாகக் கோத்துக்கொள்ளும். மூலக்கூறுகளும் ஒன்றையொன்று மெல்ல இழுக்கின்றன. பியூட்டேனில் அந்த இழுப்பு பலம். நைட்ரஜனில் மிகவும் சோனி. அதனால் நைட்ரஜனின் ஓட்டம் மிக மிகத் தணிந்தால்தான் இழுப்பு வெல்லும். நைட்ரஜனின் எல்லை மைனஸ் 147 டிகிரி. ஆக்சிஜனுக்கு மைனஸ் 119. மீத்தேனுக்கு மைனஸ் 83. கார்பன் டை ஆக்சைடின் எல்லை 31 டிகிரி என்பதால் ஒரு விநோதம் நடக்கும். கார்பன் டை ஆக்சைடு அடைத்த தீயணைப்புக் கருவியில் அது குளிர்ந்த காலையில் திரவமாக இருக்கும். சென்னையின் மே மாதப் பகலில் திரவமும் இல்லாமல் வாயுவும் இல்லாமல் ஒரு நடு நிலைக்குப் போய்விடும்!

சரி, நைட்ரஜனை மைனஸ் 147க்குக் கீழே கொண்டுபோக வேண்டும். எதை வைத்துக் குளிர வைப்பது? அவ்வளவு குளிரான பொருள் பூமியில் இயற்கையாக எங்கேயும் கிடையாது. அண்டார்க்டிகாவின் கடும் குளிர்கூட மைனஸ் 90ஐ ஒட்டித்தான்.

இங்கேதான் நம் சாவி வேலை செய்கிறது. விரிந்தால் குளிர்.

பிரான்சில் லூயி கயெத்தே என்பவர் இரும்பாலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1877இல் கண்ணாடிக் குழாயில் அசிட்டிலீன் வாயுவை அழுத்திக்கொண்டிருந்தார். திடீரென்று கருவியில் ஒரு கசிவு. அழுத்தம் சட்டென்று இறங்கியது. அந்த ஒரு கணம் குழாய்க்குள் மெல்லிய பனிமூட்டம் போலத் தோன்றி மறைந்தது. வேறு யாராக இருந்தாலும் கசிவை அடைக்கப் போயிருப்பார்கள். கயெத்தே அந்த மூட்டத்தைப் பற்றி யோசித்தார். கசிவு தானாக வந்தது; அதையே வேண்டுமென்று செய்தால் என்ன? ஆக்சிஜனை 300 மடங்கு அழுத்தத்துக்கு நெரித்தார். நெரித்ததால் வந்த சூட்டை வெளியேற்றி, மைனஸ் 29 டிகிரி வரை குளிர வைத்தார். பிறகு சட்டென்று திறந்துவிட்டார். குழாய்க்குள் மூட்டம்! ஆக்சிஜனின் நுண் துளிகள். அதே ஆண்டு டிசம்பருக்குள் நைட்ரஜனின் மூட்டத்தையும் பார்த்துவிட்டார். அதே நாட்களில் ஜெனீவாவில் ராவுல் பிக்டே என்பவர் வேறொரு வழியில் ஆக்சிஜனைத் திரவமாக்கியிருந்தார். 'நிலையான வாயு' என்ற பெயர் பொய்யாகிவிட்டது.

ஆனால் மூட்டத்தைக் கேனில் ஊற்ற முடியாது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1883இல், போலந்தின் கிராகோ நகரத்தில் விரோபிளெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி என்ற இருவர் ஆக்சிஜனையும், சில நாட்களில் நைட்ரஜனையும் குழாயின் அடியில் தேங்கி நிற்கும் உண்மையான திரவமாகப் பார்த்தார்கள்.

லிட்டர் கணக்கில் செய்யும் வழியைக் கண்டவர் ஜெர்மனியின் கார்ல் ஃபான் லிண்டே. குளிர்ச்சாதனப் பொறியாளர். 1895இல் மியூனிக்கில் அவர் அமைத்த இயந்திரம் எவ்வளவு எளிமையானது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். காற்றை ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்துக்கு நெரி. சூட்டைத் தண்ணீர் விட்டு ஆற்று. பிறகு ஒரு சின்ன வால்வு வழியாக விரிய விடு. ஒரு வளிமண்டல அழுத்தம் இறங்கினால் கால் டிகிரி அளவுக்குத்தான் குளிரும். மிகக் குறைவு. லிண்டே அந்தக் குளிர்ந்த காற்றை வீணாக வெளியே விடவில்லை. அடுத்து வரும் காற்றுக்குழாயைச் சுற்றி அதை ஓட விட்டார். அதனால் அடுத்த காற்று வால்வுக்கு வரும்போதே குளிர்ந்திருக்கும். விரிந்ததும் இன்னும் குளிரும். அது அதற்கடுத்ததைக் குளிர வைக்கும். வெளியிலிருந்து ஐஸ் வேண்டாம், பனி வேண்டாம். காற்று தன்னைத்தானே படிப்படியாகக் குளிர வைத்துக்கொண்டு, கடைசியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இளநீல நிறத் திரவக் காற்று.

அதை உயரமான கோபுரத்துக்குள் விட்டு மெல்லக் கொதிக்க வைத்தால் நைட்ரஜன் மைனஸ் 196இல் முதலில் பிரியும். ஆர்கான் மைனஸ் 186இல். ஆக்சிஜன் மைனஸ் 183இல். 2021 கொரோனா அலையின்போது மருத்துவமனைகளுக்கு விரைந்த ஆக்சிஜன் டேங்கர்களில் போனது இப்படிப் பிரித்த திரவ ஆக்சிஜன்தான். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மையம் இருக்கிறது. அங்கிருந்தும் அப்போது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் திரவ ஆக்சிஜன் வந்தது. சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் மேல் அடுக்கில் இருந்த கிரையோஜெனிக் எஞ்சின், திரவ ஆக்சிஜனும் மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனும் கொண்டு இயங்குவது.

ஹைட்ரஜன் ஒரு முரட்டுப் பிள்ளை. அறை வெப்பத்தில் அதை லிண்டேயின் வால்வு வழியாக விட்டால் குளிர்வதற்குப் பதில் சற்றே சூடாகும்! முதலில் திரவக் காற்றால் அதைக் குளிர வைத்துவிட்டுத்தான் விரிய விட வேண்டும். லண்டனில் ஜேம்ஸ் டியூவர் 1898இல் அதைச் சாதித்தார். கடைசிவரை நின்ற ஹீலியத்தை 1908இல் நெதர்லாந்தின் கேமர்லிங் ஓனஸ் மைனஸ் 269 டிகிரியில் திரவமாக்கினார். தனிச் சுழிக்கு நாலே டிகிரிதான் மேலே.

டியூவர் நமக்கு இன்னொன்றும் தந்தார். இவ்வளவு குளிரான திரவத்தை எதில் ஊற்றி வைப்பது? 1892இல் அவர் ஒரு குப்பிக்குள் இன்னொரு குப்பி வைத்து, நடுவில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார். வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போக நடுவில் மூலக்கூறுகளே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் காபி வாங்கிப் போகிற ஃபிளாஸ்க் அதன் பிள்ளை. மாட்டு டாக்டரின் கேனும் அதே குடும்பம்தான்.

எவ்வளவு நல்ல ஃபிளாஸ்க் என்றாலும் வெளி வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நுழையும். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் நைட்ரஜனுக்கு நம் ஊர் வெயில் மட்டுமல்ல, ஐஸ்கட்டியே ஓர் எரியும் அடுப்பு. அதனால் அது சதா கொதித்துக்கொண்டே இருக்கும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாதது போல, கொதிக்கும் நைட்ரஜனும் மைனஸ் 196ஐத் தாண்டாது. உள்ளே இருக்கும் சினை ஊசிக் குழாய்கள் பல ஆண்டுகள் கெடாமல் இருப்பது அதனால்தான். டாக்டர் சொன்ன 'கொதிச்சுக்கிட்டு இருக்கு' என்பது முழு உண்மை. நான் பார்த்த வெள்ளைப் புகை மட்டும் நைட்ரஜன் இல்லை. நைட்ரஜனுக்கு நிறம் கிடையாது. தொழுவத்துக் காற்றில் இருந்த நீராவி அந்தக் குளிரில் நுண் துளியானது, மார்கழிப் பனி போல. குளிர்ந்த காற்று கனம், அதனால் தரையில் வழிந்தது.

இப்போது மூடிக்கு வந்துவிட்டோம். 1 லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால், நம் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு ஆகும். கேனில் 3 லிட்டர் இருந்தால் 2100 லிட்டர். பெரிய தண்ணீர்த் தொட்டி இரண்டு நிறையும் அளவு! மூடியை இறுக்கித் திருகியிருந்தால் அத்தனை வாயுவும் அந்தச் சின்ன வயிற்றுக்குள் முண்டும். பாயில் சொன்னது நினைவிருக்கிறதா, இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும் என்று? எந்த அலுமினியக் கேனும் தாங்காது, குண்டு போல வெடிக்கும். ஆடுகிற மூடி ஆவிக்கு வழிவிடுகிறது. அந்த லொடலொட சத்தம்தான் டாக்டருக்குப் பாதுகாப்பு. கேனைக் கதவு ஜன்னல் மூடிய சின்ன அறையில் வைப்பதும் தவறு. வெளியேறும் நைட்ரஜன் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மணம் இல்லை, மூச்சு முட்டுவதும் தெரியாது, ஆள் மயங்கி விழுந்துவிடுவார்.

பொருட்காட்சியிலும் கல்யாண வீட்டிலும் 'ஸ்மோக் பிஸ்கட்' என்று ஒன்று விற்பதைப் பார்த்திருப்பீர்கள். வாயில் போட்டால் மூக்கு வழியாகப் புகை வரும். அது திரவ நைட்ரஜனில் முக்கிய பிஸ்கட். ஒரு சொட்டுத் திரவம் ஒட்டிக்கொண்டு உள்ளே போனாலும் நாக்கும் தொண்டையும் உறைந்து வெந்துபோகும். வயிற்றுக்குள் போனால் அதே 700 மடங்கு கணக்கு, மூடிய கேனில் நடப்பது வயிற்றுக்குள் நடக்கும். 2024இல் கர்நாடகத்தில் ஒரு சிறுவன் இதைத் தின்று துடித்த காட்சி எல்லாரையும் உலுக்கியது. தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விடுத்தது. ஆகவே பிள்ளைகளே, புகை வருகிற பிஸ்கட்டை யார் நீட்டினாலும், இலவசமாகவே கொடுத்தாலும், வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட வந்திருக்கும் தம்பி தங்கையின் கையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.